ஐப்பசியில் மான் சண்டையைப் படம் எடுக்க முடியுமா? மதுரையிலிருந்து கிளம்புகிறவருக்கு ஒரு பதில்

மதுரையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: “அக்டோபர் வந்தால் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பனிமூட்டத்துக்கு நடுவே பெரிய கொம்பு மான்கள் கத்துவதையும் மோதுவதையும் படம் எடுத்துக் குவிக்கிறார்கள். நான் 150–600 லென்ஸ் வாங்கியிருக்கிறேன். ஐப்பசியில் நம் பக்கம் எங்கே போனால் அந்த மாதிரிப் படம் கிடைக்கும்?”

நேராகவே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி என்று நாள் குறித்துக்கொண்டு புள்ளிமானைத் தேடிப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். அதற்காக லென்ஸைப் பெட்டியில் போட்டு மூட வேண்டாம். மதுரையிலிருந்து ஒரு நாளைக்குள் போய்ச் சேரும் தூரத்தில் புள்ளிமான், கடமான், வெளிமான், கேளையாடு எல்லாம் இருக்கின்றன. அவை இணை சேரும் காலம் ஒன்றுக்கொன்று வேறு. புரட்டாசிக்கு ஒன்று, கார்த்திகைக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கும். காலண்டரைப் பார்ப்பதை நிறுத்தி, கொம்பைப் பார்க்கப் பழகினால் வருஷம் முழுக்க உங்களுக்கு வேலை இருக்கிறது.

அங்கே ஏன் அக்டோபர் என்று முதலில் பார்த்துவிடலாம். ஐரோப்பாவின் செம்மானுக்குக் காலத்தைச் சொல்வது பகலின் நீளம். ஸ்காட்லாந்தில் ஜூன் மாதம் பகல் 17 மணி நேரத்துக்கு மேல் இருக்கும், டிசம்பரில் 7 மணி நேரம்கூட இருக்காது. கோடை முடிந்து பகல் மளமளவென்று சுருங்கும்போது மானின் உடம்பில் ஹார்மோன்கள் மாறும். செப்டம்பர் கடைசியில் ஆண்கள் கத்தத் தொடங்கும். அப்போது சினை பிடித்தால் எட்டு மாதத்தில், மே கடைசியிலும் ஜூனிலும் புல் தழைத்து நிற்கும்போது குட்டி விழும். தாமதமாகப் பிறக்கும் குட்டி அடுத்த பனிக்காலத்துக்குள் தேறுவது கஷ்டம். அதனால்தான் அங்கே எல்லா ஆண்களும் சில வாரங்களுக்குள் முட்டி மோதித் தீர்க்க வேண்டியிருக்கிறது. மேய்ச்சலைக்கூட மறந்து, உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்துவிடும் ஆண்களும் உண்டு.

நம் மதுரையில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மணி பத்து நிமிஷம்தான். பனியில் குட்டி செத்துப்போகும் என்ற பயமும் இங்கே இல்லை. எனவே புள்ளிமானுக்கு ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டிய அவசரம் கிடையாது. ஒவ்வொரு ஆணுக்கும் கொம்பு விழுவதும் முளைப்பதும் தனித்தனிக் கணக்கில் நடக்கும். ஒரே மந்தையில் ஒன்று முற்றிய கெட்டிக் கொம்போடும், ஒன்று இன்னும் தோல் மூடிய வெல்வெட் கொம்போடும், ஒன்று மொட்டைத் தலையோடும் நிற்பதைப் பார்க்கலாம். அமெரிக்காவின் டெக்சாஸுக்குக் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள் அங்கேயும் தம் பழக்கத்தை விடவில்லை. அந்த ஊர் மான்கள் இலையுதிர் காலத்தில் சேர, இவை கோடையில்தான் அதிகம் சேர்கின்றன.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்த அக்டோபர் படங்களில் நிறைய லண்டன் ரிச்மண்ட் பூங்கா போன்ற இடங்களில் எடுத்தவை. 1637-இல் மன்னர் முதலாம் சார்லஸ் மதில் எழுப்பி அடைத்த பூங்கா அது. அங்குள்ள மான்கள் தலைமுறை தலைமுறையாக மனிதர்களைப் பார்த்துப் பழகியவை. நம் காட்டு மான் புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் நடுவே வாழ்கிறது. அது காட்டும் பொறுமை வேறு, உங்களிடம் கேட்கும் பொறுமையும் வேறு.

சரி, புள்ளிமானுக்கு வருவோம்.

நம் தெற்கத்திக் காடுகளில் சித்திரை தொடங்கி ஆடி வரை பெரிய ஆண்கள் பலவும் கெட்டிக் கொம்போடு இருக்கும். இணை சேர்தல் அதிகம் நடப்பதும் அப்போதுதான். அதற்குப் பின் ஒவ்வொன்றாகக் கொம்பு உதிரும். புதுக் கொம்பு மேல் மெல்லிய ரோமத்தோடு ஒரு தோல் மூடியிருக்கும், அதைத்தான் வெல்வெட் என்கிறோம். அந்தத் தோலுக்குள் ரத்தம் ஓடுகிறது, அடிபட்டால் வலிக்கும். அதனால் வெல்வெட் கொம்பு மான் முட்டாது. ஐப்பசியில் நீங்கள் போனால் அதிகம் பார்க்கப்போவது இதைத்தான். மோதல் படம் வராது என்றாலும் காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது அந்த ரோமம் கொம்பைச் சுற்றி ஒளிக்கோடு போட்டதுபோல் மின்னும். அதை விட்டுவிடாதீர்கள்.

கெட்டிக் கொம்பு ஆண் சூட்டில், அதாவது இணை சேரும் வேகத்தில், இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் காது. விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் கரகரத்த, இழுத்த குரலில் ஒரு கத்தல் வரும். புள்ளிமானின் மெல்லிய முகத்துக்குச் சம்பந்தமே இல்லாத முரட்டுக் குரல். கழுத்தை நீட்டி, மூஞ்சியை மேலே தூக்கிக் கத்தும். ஒரு தடவையோடு நிறுத்தாது, அடுத்தடுத்துக் கத்தும். முதல் கத்தலில் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். அது நிற்கும் இடத்தையும் முகம் பார்க்கும் திசையையும் கவனித்து ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள், அடுத்த கத்தல் உங்களுடையது. வாய் திறந்து கண் தெளிவாகத் தெரியும் படம் பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது கத்தலில்தான் கிடைக்கும்.

அப்புறம் உடம்பு. சூட்டில் இருக்கும் ஆணின் கழுத்து தடித்து, முகமும் கழுத்தும் கறுத்துத் தெரியும். தரையைக் குளம்பால் பறிக்கும். புல்லையும் புதரையும் கொம்பால் குத்திக் கிளறும். அப்படிக் கிளறும்போது புல்லும் கொடியும் கொம்பில் சிக்கி, தலையில் மாலை சுற்றியதுபோல் தொங்கும். சில நேரம் பின்னங்கால்களில் எழுந்து நின்று தலைக்கு மேலே இருக்கும் கிளையை எட்டும். இலை தின்னத்தான் எழுகிறது என்று நினைத்து நிறைய பேர் கேமராவை இறக்கிவிடுகிறார்கள். உற்றுப் பாருங்கள். கொம்பாலும் முகத்தாலும் அந்தக் கிளையைத் தேய்க்கும். கண்ணுக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறது, அதிலிருந்து வரும் வாசனையை அங்கே பூசிவிட்டுப் போகிறது. அடுத்து வரும் ஆண் அதே கிளையை முகர்ந்துவிட்டுத் தானும் எழுந்து நிற்கும். ஒரு கிளையைக் கண்டுவைத்தால் அங்கே காத்திருந்து படம் எடுக்கலாம், மானைத் துரத்த வேண்டியதில்லை.

செம்மானுக்கும் புள்ளிமானுக்கும் இங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. செம்மான் ஆண் பெண்களைக் கூட்டமாகத் திரட்டி, மற்ற ஆண்களை அண்ட விடாமல் காவல் காக்கும். புள்ளிமான் ஆண் அப்படிச் செய்வதில்லை. மந்தை மந்தையாகச் சுற்றி, சூட்டுக்கு வந்த ஒரு பிணையை (பெண்மானை) கண்டுபிடித்து அதன் பின்னாலேயே திரியும். ஆகவே பெரிய கொம்பைப் பார்த்ததும் அதன் பின்னால் போகாதீர்கள். பிணைகள் மேயும் மந்தையோடு இருங்கள், ஆண் தானாக அங்கே வந்து சேரும். வந்ததும் பிணை மூத்திரம் விட்ட இடத்தை முகர்ந்து, மேல் உதட்டைச் சுருட்டித் தலையைத் தூக்கி நிற்கும். சில நொடிதான். வாசனையை வைத்து அந்தப் பிணை தயாரா என்று பார்க்கிறது.

மோதல் வருவதற்கு முன்னால் ஓர் அறிகுறி உண்டு. சம பலம் உள்ள இரண்டு ஆண்கள் முதலில் நேருக்கு நேர் வராது. ரோமம் சிலிர்க்க, கால்களை விறைத்து வைத்து, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும். ஒன்றை ஒன்று பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த நடையைக் கண்டதும் ஷட்டர் ஸ்பீடை 1/1600-க்கு ஏற்றி, தொடர் ஃபோகஸில் போட்டு, இரண்டு உடம்பும் கால் முதல் கொம்பு வரை அடங்கும்படி ஜூமைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிடுங்கள். பாதி நேரம் ஏதாவது ஒன்று விலகிப் போய்விடும். மோதினாலும் சட்டென்று முடிந்துவிடும். இறுக்கமாக ஃப்ரேம் வைத்தால் கொம்பு நுனி வெட்டுப்படும். அதன்பின் அந்தப் படத்தைக் காப்பாற்ற வழி கிடையாது.

இதற்கு எங்கே போவது? மதுரையிலிருந்து பொள்ளாச்சி வழியாக டாப்சிலிப் போகலாம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் அந்தப் புல்வெளிப் பக்கம் புள்ளிமான்கள் ஆள் நடமாட்டத்துக்குப் பழகியவை. வெட்டவெளி என்பதால் ஒளியும் நன்றாக விழும். இரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் முதுமலை. தெப்பக்காடு, மசினகுடிப் பக்கம் மந்தைகள் பெரியவை. வனத்துறை வண்டியில் போங்கள். காட்டுச் சாலையில் உங்கள் காரை நிறுத்தி இறங்குவது சட்டப்படி தப்பு, உயிருக்கும் ஆபத்து. கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் சுற்றுலாவை நிறுத்திவைப்பார்கள், எனவே கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் மாவட்டத்தை ஒட்டியே இருக்கிறதே, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குப் போகக்கூடாதா என்று கேட்பீர்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட காப்பகம் அது. மான்கள் இருக்கின்றன. ஆனால் நினைத்த இடத்தில் நுழைய முடியாது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதே குற்றம். சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமிக்கு ஏறுகிற கூட்டத்தோடு போய் மான் படம் எடுக்கலாம் என்பதும் நடக்காத காரியம், அத்தனை சத்தத்தில் எந்த மானும் பாதைப் பக்கம் நிற்காது. மலையடிவாரத்தில் பொதுச் சாலையில் நின்று எடுப்பதாக இருந்தால் ஒரு விஷயம்: மேற்கே மலை சுவர் மாதிரி நிற்பதால் சாயங்கால வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். பொன்வெயில் என்று நீங்கள் எண்ணியிருக்கும் நேரம் அங்கே ஏற்கனவே நிழல். அந்தப் பக்கத்துக்குக் காலைதான் காலம். கிழக்கிலிருந்து வரும் முதல் வெயில் தடையில்லாமல் அடிவாரம் முழுக்க விழும்.

இனி உங்கள் கேள்விக்குச் சரியாகப் பொருந்துகிற விலங்கு. இலையுதிர் காலத்தில்தான் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் புள்ளிமானை விட்டுவிட்டு வெளிமானிடம் போங்கள். முறுக்குக் கொம்பு, கரும்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. விலங்கியல் கணக்கில் இது மான் குடும்பமே இல்லை, ஆடுமாடுகளின் குடும்பம். கொம்பு கிளைக்காது, வருஷா வருஷம் உதிராது. ஆகவே வெல்வெட் கவலை இல்லை. இந்தியாவில் வெளிமான் வருஷம் முழுக்க இணை சேர்ந்தாலும் இரண்டு உச்சங்கள் உண்டு. ஒன்று மார்ச் முதல் மே வரை, மற்றது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. இரண்டாவது உச்சம் நம் ஆவணி, புரட்டாசி. சங்கப் பாட்டில் கார்காலம் என்று சொல்லும் அதே இரண்டு மாதம். முல்லை நிலத்தில் மழை விழுந்ததும் இரலை, அதாவது வெளிமான், துள்ளுகிறது, பிணையோடு நிழலில் ஒதுங்குகிறது என்று நம் புலவர்கள் பாடிவைத்ததைப் படிக்கும்போதெல்லாம் அவர்கள் இந்த விலங்கை எவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

மதுரைக்குக் கிட்ட இருப்பது வல்லநாடு வெளிமான் சரணாலயம். தூத்துக்குடி–திருநெல்வேலிச் சாலையில், நம்மிடமிருந்து இரண்டரை மூன்று மணி நேரப் பயணம். 16 சதுர கி.மீ. சொச்சம்தான். குடைவேல மரமும் முட்புதரும் கல்லும் நிறைந்த குன்று. 1987-இல் சரணாலயமாக்கினார்கள். உள்ளே போக வன அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். இன்னும் பெரிய கூட்டமும் திறந்த புல்வெளியும் வேண்டுமென்றால் கோடியக்கரை. அங்கே அடிவானம் தாழ்ந்து, பின்னணி சுத்தமாக இருக்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் சேறும் சகதியும்தான். புரட்டாசி கடைசிக்குள் போய்வந்துவிடுவது நல்லது.

வெளிமான் ஆண் ஓர் இடத்தைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். அதன் எல்லையைப் புழுக்கைக் குவியலை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கும், பழையது வெளுத்தும் புதியது கறுத்துப் பளபளத்தும் கிடக்கும். புதுப் புழுக்கை இருந்தால் ஆள் திரும்பி வரும். நீங்கள் தள்ளி, காற்று உங்கள் முகத்தில் படும் பக்கமாக உட்கார்ந்துகொண்டால் போதும். பிணை எல்லைக்குள் வந்ததும் ஆணின் நடையே மாறும். மூக்கை வானத்துக்குத் தூக்கும், கொம்பு முதுகோடு படுத்துவிடும், காது தொங்கும், வால் மேலே சுருளும், கண்ணுக்கு முன்னால் இருக்கும் சுரப்பி கறுப்புப் பிளவாகத் திறந்துகொள்ளும். அந்த நிலையில் குட்டைக் குட்டையாக அடி வைத்துப் பிணையைச் சுற்றி வரும். பக்கவாட்டில், தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்தால் இதைவிட அழகான இணைசேர் காலப் படம் எந்த ஊரிலும் கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

வெளிமானுக்கு எக்ஸ்போஷர் கொஞ்சம் வம்பு பிடித்தது. முதுகு கறுப்பு, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெள்ளை. கேமராவை அதன் போக்கில் விட்டால் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளை வெந்துபோகும். வெள்ளை வெந்துவிடாதபடி எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் போலக் குறைத்து, RAW கோப்பாக எடுங்கள். கறுப்பில் இருக்கும் ரோமத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் மீட்டுக்கொள்ளலாம், வெந்த வெள்ளையை மீட்கவே முடியாது. வெயில் ஏறிய பிறகு கானல் அலை எழும்பும். 600 மி.மீ.-இல் எடுத்த எல்லாப் படமும் நீருக்குள் எடுத்ததுபோல் நெளியும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குக் கொடுக்கப் போனவர்கள் உண்டு, லென்ஸில் ஒரு குறையும் இருக்காது. எட்டரைக்கெல்லாம் கேமராவை மூடிவிடலாம்.

கார்த்திகை, மார்கழிக்குக் கடமான். தேனி, கம்பம் பக்கம் மிளா என்பார்கள். நம் நாட்டு மான்களில் இதுவே பெரியது. நன்கு வளர்ந்த ஆண் 200 கிலோவைத் தாண்டும். கொம்பு பெரும்பாலும் ஐப்பசிக்குள் கெட்டியாகிவிடும், இணை சேர்தல் குளிர்மாதங்களில் அதிகம். காலத்தை மட்டும் பார்த்தால் செம்மானுக்குக் கிட்ட வருவது இதுதான். ஆனால் குணம் நேர் எதிர். கடமான் தனியாகத் திரியும், இருட்டில் நடமாடும், அத்தனை சத்தம் போடாது. சூட்டில் இருக்கும் ஆண் சேற்றில் புரண்டு, உடம்பெல்லாம் சேறு அப்பிக்கொண்டு, அது காய்ந்து பாளம் பாளமாக வெடிக்க, எழுந்து வரும். கழுத்தின் கீழ்ப்பக்கம் ரோமம் உதிர்ந்து, உள்ளங்கை அளவில் சிவந்த புண் போல ஒன்று தெரியும். காயம் பட்டுவிட்டது என்று பதறிப்போகிறவர்கள் உண்டு. இந்தப் பருவத்தில் கடமானுக்கு இயல்பாக வருவதுதான்.

கடமானைப் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல இடம் தேக்கடி. மதுரையிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளி, மூன்றரை நான்கு மணி நேரம். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி அது. அதே தண்ணீர்தான் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இறங்கி நம் வைகையில் சேர்கிறது. காலை முதல் படகில் போனால் கரைப் புல்லில் கடமான்கள் மேய்வதைப் பார்க்கலாம். ஏரி நிரம்பிவிட்டால் கரைப் புல் மூழ்கி விலங்குகள் உள்ளே ஒதுங்கும், தண்ணீர் கொஞ்சம் வடிந்திருக்கும் நாள் நல்லது. படகில் இன்ஜின் அதிரும். லென்ஸைக் கம்பியில் சாய்த்து வைத்தால் அந்த அதிர்வு அப்படியே படத்தில் ஏறும். கையில் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஷட்டர் 1/1000-க்குக் குறையாமல் வையுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி விழுந்த படத்தைச் சரி செய்யலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. நடந்துபோய்ப் பார்க்க ஆசையிருந்தால் காப்பகத்தினர் வழிகாட்டியோடு அழைத்துப்போகும் நடைக்குப் பதிவு செய்யுங்கள். கண்ணை வியூஃபைண்டரில் வைத்திருப்பவருக்குப் பக்கத்தில் யானை வந்து நிற்பது தெரியாது. அதைப் பார்க்க ஓர் ஆள் கூட வேண்டும்.

கேளையாடு குறிப்பிட்ட பருவம் பார்ப்பதில்லை, புதருக்குள்ளேயே இருக்கும். நாய் குரைப்பதுபோல் ஒரு குரல் கேட்கும், படம் கிடைப்பது அதிர்ஷ்டம். சருகுமானுக்குக் கொம்பே கிடையாது, ராத்திரி ஜீவன். அதை விட்டுவிடுங்கள். மூணாறுப் பக்கம் போகிறவர்கள் வரையாட்டை நினைவில் வைக்கலாம். அதன் இணைசேர் காலம் ஆனி, ஆடி மழையில். குட்டி போடும் பிப்ரவரி, மார்ச்சில் அங்குள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள்.

சாமான் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் 150–600 தாராளமாகப் போதும். வண்டியில் முக்காலி வேலைக்கு ஆகாது. பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை வெட்டி, இரண்டு பக்கமும் தைத்து, உள்ளே நெல்லோ பச்சைப்பயறோ முக்கால்வாசி நிரப்பி ஜன்னல் மேல் போட்டுக்கொள்ளுங்கள், லென்ஸ் அதில் அழகாக உட்காரும். இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் பையிலேயே வைத்து மூடாமல், துடைத்து, சிலிகா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஏசி அறையில் தூங்கிய கேமராவை விடியற்காலையில் வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்த்துவிடும், அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். சென்ட், மல்லிகைப்பூ, சூடான பலகாரப் பொட்டலம் இவையெல்லாம் மானுக்கு நெடுந்தூரத்திலேயே உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியது காட்டுக்கு வெளியே இருக்கும் மான்களைப் பற்றி. சிவகங்கை, நத்தம், மேலூர்ப் பக்கங்களில் காப்புக்காட்டை ஒட்டிய ஊர்களுக்குப் புள்ளிமான் வருவது புதிதல்ல. கோடையில் கண்மாயில் மிச்சமிருக்கும் தண்ணீருக்கும், கடலைக்காட்டுப் பயிருக்கும் வரும். இதே ஊர்களில்தான் நாய் கடித்தும், ரோட்டில் அடிபட்டும், கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் விழுந்தும் மான் சாகிற செய்தியும் வருகிறது. சித்திரையில் சூட்டில் இருக்கும் ஆணும், அதற்கு முன்னால் ஓடும் பிணையும் கவனம் சிதறித் திரியும். அந்த நேரத்தில் நாம் நெருங்கினால் ஓடுகிற திசையில் என்ன இருக்கிறது என்று அவை பார்க்காது. மான் உடம்பு பயத்தைத் தாங்காது. விடாமல் துரத்தினால், வெளியே ஒரு காயம் இல்லாமல் இருந்தாலும், தசை சிதைந்து பிறகு செத்துப்போகும். படத்துக்காக ஒரு மானை ஓட விட்டவர் அது அன்று ராத்திரி எங்கே விழுந்தது என்று பார்ப்பதில்லை.

ஆகவே இந்தப் பக்கம் எடுப்பதாக இருந்தால் முதலில் ஊருக்குள் போய்ப் பேசுங்கள். ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேட்டால் எந்தக் கரையில், எந்த நேரத்தில் வருகிறது என்று துல்லியமாகச் சொல்வார். தோட்டக்காரரிடம் அனுமதி கேளுங்கள். அவருடைய பயிரை மான் மேய்ந்திருக்கும், கோபத்தில் இருப்பார், அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். கண்மாய்க் கரையில் விடியுமுன்னே உட்கார்ந்துவிட்டால் மான் உங்களைத் தாண்டி வரும். நீங்கள் அதை நோக்கி நடந்தால் வராது. ரிச்மண்டில் பழகிய மானிடமே 50 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். இங்கே அதைப்போல் இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். மான் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்து முன்னங்காலைத் தரையில் தட்டினால் நீங்கள் ஏற்கனவே எல்லை தாண்டிவிட்டீர்கள், அப்படியே பின்வாங்குங்கள். பதிவு செய்த மான் குரலை ஸ்பீக்கரில் போட்டு ஆணை வரவழைக்கிற வேலை வேண்டவே வேண்டாம், இல்லாத எதிரியைத் தேடி அது அலையும். ஃப்ளாஷும் ட்ரோனும் வேண்டாம். பெரிய கொம்பு மானின் படத்தைப் போடும்போது கண்மாய்ப் பெயரையும் ஜிபிஎஸ் குறியையும் எடுத்துவிடுங்கள், மாவட்டப் பெயர் போதும். நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவரும் செல்போன் வைத்திருக்கிறார்.

இப்போது நீங்கள் ஐப்பசியைப் பற்றிக் கேட்டிருப்பதால் என் யோசனை இது: புரட்டாசி முடிவதற்குள் வல்லநாட்டுக்கு அனுமதி கேட்டு ஒரு காலை போய்வாருங்கள். ஐப்பசி அடைமழையில் வீட்டில் இருந்து, எடுத்த படங்களில் கண் ஃபோகஸில் இல்லாததையெல்லாம் அழியுங்கள். கார்த்திகையில் மழை விட்டதும் தேக்கடி முதல் படகு. டாப்சிலிப் தங்குமிடம் சித்திரை விடுமுறையில் சீக்கிரம் நிரம்பிவிடும், அதற்குப் பங்குனியிலேயே பதிவு செய்துவிடுங்கள்.